பாறைமேல் ஒரு பித்தளைத் திருகு

1

இந்தக் கதை ஒரு பித்தளைத் திருகிலிருந்து வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பழைய பங்களாவின் பின்புறம், பாறைமேல் ஏறி இறங்கும் இரும்புக்குழாயின் உச்சியில் அதைப் பார்த்தேன். திறந்தால் நீர் வரும். ஆனால் கீழே குடம் வைக்க இடமில்லை. அது யாருக்காக? கேட்க ஆளில்லாததால் ஜானகியம்மாளை உருவாக்கினேன்.

2

"விக்டோரியா ராணி காலத்தில், ஒரு காப்பித்தோட்டத் துரை தன் குதிரையை…"

(வேண்டாம். துரை போய்விட்டார், நமக்குத் தோட்டம் போதும்.)

ஆண்டு 1937. பங்களாவை வாங்கியவர் ஜவுளி வியாபாரி சென்னிமலை. புதர் மண்டிய தோட்டத்தைத் திருத்துபவர் அவர் மனைவி ஜானகியம்மாள். அந்தத் தோட்டத்தின் அமைப்பைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. மேலே ஓடைத்தொட்டி. அங்கிருந்து குழாய்வழி வரும் நீர், நடு நீரூற்றில் எழும். வழிவது செங்கல் வாய்க்காலில் இறங்கி ரோஜாக்களை நனைக்கும்; அங்கே மிஞ்சியது மாமரத்துக்கு. ஏற்றமில்லை, மாடில்லை. சரிவே எல்லா வேலையையும் பார்க்கிறது! இதைக் கணக்கிட்டவர் யாரானாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

சிக்கல் இதுதான்: தொட்டி நிறைய நீர். குழாயில் அடைப்பில்லை. நீரூற்றில் ஒரு சொட்டுகூட இல்லை.

3

"பொங்கல் வரைக்கும் பொறுங்க" என்றார் ஜானகியம்மாள்.

"பொறுக்கறேன். அப்பறம் இங்க சாயப்பட்டறைதான்" என்றார் சென்னிமலை. "தண்ணி வராத தோட்டத்துக்கு எத்தன நாளைக்குக் கொடத்துல ஊத்துவ?"

பழைய குழாயைக் கழற்றிச் சுத்தம்செய்து மாட்டிய குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். "பைப்பு சுத்தமா இருக்குதுங்க. பாறை உச்சியில பைப்புல ஒரு ஓட்ட ஒழுகுச்சு. அம்மா சொன்னாங்கன்னு ஈயம் ஊத்தி அடைச்சுட்டனுங்க. ஒரு சொட்டு வீணாகாது."

"வீணாகறதுக்கு மொதல்ல தண்ணி வரணுமில்ல?" என்றார் சென்னிமலை.

(யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சித்திரையில் கிணறு வற்றும் ஊர்க்காரர்கள், ஒழுகலைக் கண்டால் அடைக்கத்தான் செய்வார்கள்.)

4

ஜானகியம்மாளின் கனவில் ஒரு…

அடித்துவிட்டேன். கனவு கண்டு குழாய் சரியாகாது.

பட்டப்பகலில், விளக்குக்காக மண்ணெண்ணெயைப் புனல் வைத்துப் புட்டியில் ஊற்றினார். புனல் கழுத்தில் இறுகி உட்கார்ந்திருந்ததால் எண்ணெய் உள்ளே போகாமல் நின்றது. தினமும் செய்வதுபோலப் புனலைச் சற்றுத் தூக்கினார். குபுக்! உள்ளிருந்த காற்று வெளியேற, எண்ணெய் இறங்கியது. ஆனால் அன்று அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"குழந்தைவேலு! நாம அடைச்சது ஓட்டையில்லீங்க, மூக்கு!"

"மூக்குங்களா?"

"பைப்புக்குள்ள இருக்கற காத்து வெளிய போற மூக்கு. அந்த ஈயத்த நோண்டுங்க."

"மறுபடி ஒழுகுமேங்க?"

"ஒழுகாம ஒரு திருகு வெச்சுடுங்க."

5

நீரூற்று எழுந்தது. சாரல் சென்னிமலையின் ஜரிகை வேட்டியை நனைத்தது.

"இந்தத் தண்ணி சாயத்துக்கும் ஆகும்போல" என்றார்.

"ஆகும். ரோசாவுக்குப் போக மிச்சமிருந்தாக் கேளுங்க."

அதற்கு அவர் சிரித்தார் என ஒரு முடிவு எழுதினேன். பட்டறைக்குக் கயிறு பிடித்து அளந்தார் என இன்னொன்று. எது சரியென்று நீங்கள் தீர்மானியுங்கள். ஜானகியம்மாளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று தங்கி நீரை மறிக்கும். அந்த உச்சியில் ஒரு திருகு வைக்க வேண்டும். நீர் விடும்போது அதைத் திறக்க வேண்டும். சீறல் நின்று நீர் மட்டும் வந்ததும் மூடிவிட வேண்டும்.