நெவ்யானா தலையசைத்தாள்

1

இந்தக் கதை என்னுடையதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை. ரூசே நகரில், தான்யூப் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, பதினெட்டு ஆண்டுகளாக நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், எதிர்வீட்டுச் சோன்கா ஒரு வெள்ளிக்கிழமை காலை என் கதவைத் தட்டினாள். அவள் கைபேசியில் தங்கை நெவ்யானா மெக்சிக்கோவிலிருந்து பேசி அனுப்பிய பதினொரு நிமிடக் குரற்பதிவு இருந்தது.

"கேளு தம்பி. கேட்டுட்டு நான் என்ன பண்ணணும்னு சொல்லு."

கேட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்தபோது நெவ்யானாவின் கண்கள்—"

(நிறுத்திவிட்டேன். விமானம் எழும்பியபோது அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். பதிவில் அவளே சொல்கிறாள்.)

அடுத்தது: "பயணம் என்பது மனிதனின் அகத்தையும் புறத்தையும் ஒருங்கே விரிவாக்கும் செயலாகும்."

(பிழையற்ற வாக்கியம். எழுவாயும் பயனிலையும் கைகோத்து நிற்கின்றன. ஆயினும் இதில் நெவ்யானா இல்லை.)

மூன்றாவது: "சோன்கா ஒரு குடுவைத் தண்ணீரை வீசினாள்."

இதுவே சரி. இங்கிருந்து தொடங்குகிறேன்.

2

சோன்கா ஒரு குடுவைத் தண்ணீரை வீசினாள். நீண்ட பயணம் புறப்படுகிறவரின் காலடியில் தண்ணீர் ஊற்றினால், போகிற காரியம் தண்ணீர்போல் தடையின்றி ஓடும் என்பது இந்த ஊர் வழக்கம். ஆனால் சோன்காவுக்குக் குறி தவறியது. தண்ணீரில் பாதி வாசற்படியிலும், மறு பாதி நெவ்யானாவின் தோள்பையிலும் விழுந்தன.

"அடிப்பாவி, பை முழுக்க மின்சாரச் சாமான் இருக்கு அக்கா!"

"ரெண்டு மடங்கு நல்லது நடக்கும், போடி."

நெவ்யானா கழுத்துத் துணியால் கைபேசியைத் துடைத்துக்கொண்டே பேருந்துக்கு ஓடினாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுகளாக டிராலிப் பேருந்து ஓட்டுகிறாள்: மேலே மின்கம்பி, கம்பியைத் தொட்டபடி இரண்டு நீண்ட தண்டுகள், கீழே ஒரே வழித்தடம். ரயில் நிலையத்திலிருந்து கிழக்குக் குடியிருப்பு. அங்கிருந்து மீண்டும் ரயில் நிலையம். திருப்பத்தில் தண்டு கம்பியை விட்டு நழுவும். வண்டி நடுத்தெருவில் செத்து நிற்கும். அப்போது ஓட்டுநர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்புறக் கயிற்றை இழுத்து, தண்டை மறுபடி கம்பியில் ஏற்ற வேண்டும். பயணிகள் திட்டுவார்கள். நெவ்யானா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏற்றுவாள்.

இந்தக் குளிர்காலத்தில் கம்பிகளை மாற்றுவதற்காக வழித்தடத்தை நான்கு மாதம் மூடினார்கள். சம்பளமில்லா விடுப்பு. மற்ற ஓட்டுநர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். நெவ்யானா சேமிப்பைத் திரட்டி மெக்சிக்கோவுக்குச் சீட்டு வாங்கினாள். அதுவரை அவள் கடந்த ஒரே எல்லை, ஆற்றின் பாலத்துக்கு அப்பால் ருமேனியாதான். அதுவும் மலிவு விலைச் சலவைத்தூள் வாங்க.

"ஒரு மாசம் தாங்குவியா? இருபதாம் நாள் வாசல்ல வந்து நிப்பே" என்றாள் சோன்கா.

"நாலு மாசம்னா நாலு மாசம்."

"பணத்தைப் பாவாடை மடிப்புல தெச்சு வெச்சுக்கோ. எவன் எடுப்பான்?"

"நான் பாவாடை கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதான் உன்கிட்ட பணம் தங்க மாட்டேங்குது."

நெவ்யானாவின் ஏற்பாடு வேறு. வங்கி அட்டைகள் இரண்டையும் கைபேசிச் செயலி வழியாகவே பூட்டி வைப்பாள். பணம் எடுக்கும்போது திறப்பாள், எடுத்ததும் பூட்டுவாள். அட்டையைத் திருடுகிறவனுக்கு வெறும் நெகிழித்துண்டுதான் மிஞ்சும். தவிர ஒரு மின்சேமிப்புப் பெட்டி, அந்நாட்டு மின்துளைக்கேற்ற செருகி, கடவுச்சீட்டின் நகல். பழக்கதோஷத்தால் பழைய கையுறைகளையும் அடியில் வைத்தாள்.*

இன்னொரு ஆயத்தமும் இருந்தது. இங்கே ரூசேயில் தலையை மேலும் கீழும் அசைத்தால் "இல்லை". பக்கவாட்டில் அசைத்தால் "ஆமாம்". உலகின் பெரும்பகுதி இதற்கு நேரெதிர் என்பதால், நெவ்யானா மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று கழுத்தைப் பழக்கினாள். மேலும் கீழும்: ஆமாம். பக்கவாட்டில்: இல்லை. பார்த்துக்கொண்டிருந்த சோன்காவுக்குத் தலை சுற்றியதாம்.

* கையுறைகளை நான் கதைக்காகச் சேர்த்ததாக எண்ண வேண்டாம். சோன்கா சத்தியம் செய்கிறாள்: "இந்தக் கண்ணால பாத்தேன். எடுத்து வெளிய வெச்சேன். திரும்ப உள்ள வெச்சுட்டா."

3

கழுத்து பதினெட்டு நாள் நன்றாகவே உழைத்தது. பத்தொன்பதாம் நாள், வஹாக்கா என்னும் மலையூரில், கைபேசி மின்சாரம் ஏற்றிக்கொள்ள மறுத்தது. மறுநாள் அணைந்தே போனது. வாசற்படித் தண்ணீர் மெதுவாக வேலை செய்திருக்கிறது.

சந்தைக்குப் பின்னால் சிப்ரியானோ என்பவரின் பழுதுபார்க்கும் கடை. தடித்த மீசையை நீவியபடி அவர்—

(பதிவில் மீசை இல்லை. நான் ஒட்டவைத்தது. எடுத்துவிடுகிறேன்.)

சிப்ரியானோ கைபேசியைப் பிரித்துத் துருவைச் சுரண்டினார். உயிர் வந்தது, ஆனால் முதற்படத்தைத் தாண்டாமல் அங்கேயே சுழன்றது.

"மேடம், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நாலஞ்சு நாள் விட்டுட்டுப் போங்க, பொறுமையா பாக்கறேன். இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சிடலாம், இப்பவே எழுந்துக்கும். அழிச்சிடவா?"

பயணத்துக்கு முன் கற்ற அரைகுறை ஸ்பானியத்தில் "எல்லாம்", "அழி" ஆகிய இரு சொற்களும் அவளுக்குத் திட்டமாக விளங்கின. செயலி அதில் இருக்கிறது. அட்டைகளின் பூட்டு அதில் இருக்கிறது. நெவ்யானா பதறினாள். அவசரத்தில் கழுத்து ஊருக்குத் திரும்பிவிட்டது. கண்களை அகல விரித்து, பல்லைக் கடித்து, மிக உறுதியாகத் தலையசைத்தாள்.

மேலும் கீழும். மூன்று முறை.

"இவ்வளவு தெளிவா முடிவு சொல்ற ஆளை நான் பாத்ததில்லை மேடம்" என்று பாராட்டிக்கொண்டே அவர் பொத்தானை அழுத்தினார்.

கைபேசி பிறந்த குழந்தையாக விழித்துப் பத்து மொழிகளில் வணக்கம் சொன்னது.

பதிவில் இந்த இடத்தில் நெவ்யானா சிரிக்கிறாள். சோன்கா அதை அழுகை என்கிறாள். நான் ஐந்து முறை கேட்டுப் பார்த்தேன், இரண்டாகவும் கேட்கிறது.

4

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். செயலியை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் உரியவர் ரூசே கிளைக்கு வந்தாக வேண்டும் என்றது வங்கி. "அவ பூமியோட அந்தப் பக்கம் இருக்கா!" என்று கத்திய சோன்காவிடம், "அப்ப இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க" என்றாள் கவுண்டர் பெண். அட்டைகள் பூட்டியபடியே கிடந்தன. எந்தத் திருடனும் அவ்வளவு திறமையாக அவளை வெறுங்கையாக்கியிருக்க முடியாது. சட்டைப்பையில் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் காசு. செய்தி தெரிந்து குன்றிப்போன சிப்ரியானோ கூலி வாங்காமல், தம் கைபேசியைக் கொடுத்து வீட்டுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார். அந்தச் செய்தியே என் காதுக்கு வந்த பதிவு. அது இப்படி முடிகிறது: "பணத்துக்கா, திரும்பி வர்றதுக்கா, எதைக் கேக்கறதுன்னு இன்னும் யோசிக்கிறேன் அக்கா. சனிக்கிழமை கூப்பிடறேன்."

சோன்காவிடம் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். ஒன்று, பணத்தைக் கவுண்டரில் கட்டி அனுப்பலாம். நெவ்யானா அங்கே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு மிச்சமுள்ள மூன்று மாதத்தை ஓட்டுவாள். அல்லது, ஊர் திரும்பச் சீட்டு வாங்கலாம்.

இங்கே ஒரு கதாசிரியன் வசதியான முடிவைத் தேடுவான். நானும் தேடினேன்.

ஒரு முடிவு: பையின் அடியில், சமையலுக்கென்று கொண்டுபோன மூலிகை உப்புப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே சோன்கா ஒளித்துவைத்த யூரோத் தாள்கள். இதைப் படித்துக் காட்டினேன். "வெச்சிருக்கணும். தோணலியே எனக்கு" என்று சோன்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆகவே நீக்கினேன்.

மற்றொரு முடிவு: வங்கி மேலாளர் மனமிரங்கி—

(இதை என்னால் முடிக்க இயலவில்லை.)

வேறொரு ஐயமும் என்னை விடவில்லை. சோன்காவுக்கு உண்மையாகவே குறி தவறியதா? கேட்டேன். அவள் குடுவையை எடுத்துத் துடைத்தாள். "அவ போகக் கூடாதுன்னு நெனச்சேன். ஆனா தண்ணிய நல்ல மனசோடதான் ஊத்தினேன். ரெண்டும் நெசம், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

5

சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு அழைப்பு வந்தது. அங்கே காலை, சிப்ரியானோவின் கடை திறக்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, கடையின் இணையத்தைப் பிடித்து, தன் கைபேசியிலேயே நெவ்யானா பேசினாள். பேசினாள் என்பது பிழை. வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டது. அவள் குரல் வரும் துளையைத் தண்ணீர் தின்றிருந்தது.

சோன்கா திரைக்குள் விழுந்துவிடுவதுபோல் குனிந்தாள். "நெவ்யா! இளைச்சுட்டியேடி. பாரு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்கு வந்துடறியா? டிக்கெட் போட்டுடவா?"

நெவ்யானா தலையசைத்தாள். மேலும் கீழும். மூன்று முறை. மிக உறுதியாக.

திரை அப்படியே உறைந்தது. பின்பு அழைப்பு அறுந்தது.

"இல்லன்னுட்டா" என்றாள் சோன்கா. மறுகணமே, "இல்ல, சரின்னு சொன்னாளா? என்கிட்டயா மெக்சிக்கோத் தலை ஆட்டுவா? ஆனா அந்தத் தப்புக்கப்புறம் எல்லார்கிட்டயும் அப்படியே ஆட்டப் பழகியிருப்பாளே! ஐயோ, எந்த ஊர்த் தலைடா அது?"

உறைந்த கணத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். கைபேசியைப் பிடித்திருந்த அவள் வலக்கையில் அந்தத் தடித்த கையுறை இருந்தது.

"அங்க குளிரா இருக்கும்" என்றாள் சோன்கா.

இருக்கலாம்.

 அவள் எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் திரும்ப அழைத்துப் பார்த்துவிட்டுக் காத்திருந்தோம். எதுவும் வரவில்லை. பணம் அனுப்பும் கவுண்டரும் பயணச்சீட்டுக் கடையும் ஆறு மணிக்கு மூடும். மறுநாள் ஞாயிறு. அவள் சட்டைப்பைக்கு ஞாயிறைத் தாண்டும் வலு இல்லை.

6

"நீ சொல்லு தம்பி. டிக்கெட் போடவா?"

என் தலை, நான் பிறந்த ஊர்ப் பழக்கத்தில், தானாக அசைந்தது. அது மேலும் கீழும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. இரு தோள்களை நோக்கியும் மாறி மாறி மெல்லச் சாய்ந்தது. வாசகரே, அதன் பொருள் உங்களுக்கு நன்கு தெரியும்: சரி, பார்க்கலாம், உங்கள் இஷ்டம், ஆகட்டும்.

சோன்கா முறைத்தாள். "இது என்ன, மூணாவது தலையா? உன்கிட்ட கேட்டேன் பாரு!"

ஆறடிக்கப் பத்து நிமிடம். அவள் மேலங்கியை மாட்டினாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாடிப்படியில் அவள் காலடி ஓசை வேகமாக இறங்குகிறது. ஒரு தளத்திலும் தயங்கவில்லை. எதையோ தீர்மானித்துவிட்டாள். தெருக்கதவிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் பணம் அனுப்பும் கவுண்டர். வலப்பக்கம் திரும்பினால் பயணச்சீட்டுக் கடை.

நான் எழுதும் மேசையிலிருந்து ஜன்னலுக்கு எட்டி வைத்தால் நான்கே அடி. எழுந்துபோய்ப் பார்க்க மாட்டேன். பார்த்துவிட்டால் இது செய்தியாகிவிடும். நீங்கள் போங்கள். கீழே தெருக்கதவு திறக்கும் ஓசை கேட்கிறது.

நெவ்யானா தங்குகிறாளா? தலையை அசையுங்கள். எந்த ஊர்த் தலை என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.