உள் டயர்

அத்தானின் லாரி கிளம்பி மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஐம்பது நிமிடத்தில் மலை இறக்கம் தொடங்கிவிடும்.

"பாப்பா, காலையில உங்க அத்தான் வண்டியில ஒரு டயர் மந்தமா பேசுச்சே, எவ்வளவு காத்து அடிச்ச?" என்று டயர் ஃபிட்டர் கேட்டபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

யார்டில் அவரைக் கம்பி அண்ணன் என்பார்கள். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று கம்பி எகிறும். குறைந்திருந்தால் 'தொப்'. காலையில் வலப்பக்கம், பின்னாலிருந்து இரண்டாவது அச்சின் உள் டயர் 'தொப்' என்றது. "கேஜ் வச்சுப் பாத்துடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

"சரியா இருந்துச்சுண்ணே" என்றேன்.

இருபத்திரண்டு டயர்களில் பத்து உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு ஜோடி. காற்றழுத்தம் அளக்கும் நீள மூக்கு கேஜை வெளிச் சக்கரத்தின் ஓட்டை வழியாக நுழைத்தால்தான் உள் டயரின் வால்வு எட்டும். உள்ளே காற்று இறங்கினாலும் வெளி டயர் நிமிர்ந்து நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டின் பாரத்தையும் வெளி டயர் ஒன்றே சுமக்கும். சூடு ஏறும். இறக்கத்தில் பிரேக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும். வெப்பம் ஏறினால் அழுத்தம் ஏறும் என்று பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

காலையில் அத்தான் அவசரப்பட்டார். "மச்சினி, சீக்கிரம் கையெழுத்தப் போடு. நானும் உள் டயரும் ஒண்ணு. எவ்வளவு சுமந்தாலும் உங்க அக்கா கண்ணுக்குத் தெரியாது."

நான் சிரித்துக்கொண்டே டயர் அழுத்தம் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

இப்போது ஆறு முறை அழைத்துவிட்டேன். ஓட்டும்போது போனை அணைத்துப் பெட்டியில் வைப்பது கம்பெனி விதி. வண்டிக்குள் இருக்கும் கருவிக்கு 'நிறுத்து' என்று அனுப்ப மேனேஜரால் மட்டும்தான் முடியும்.

அவர் திரையில் அத்தான் ஒரு பச்சைப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தார்.

"சார், அந்த நாப்பது டன் வண்டிய நிறுத்தணும்."

"எதுக்கு?"

"டயர்... சந்தேகமா இருக்கு. கம்பி அண்ணன் தட்டினப்ப..."

"தட்டிப் பாக்குறது ஜோசியம்மா. அது வேணாம்னுதானே சயின்ஸ் படிச்ச பொண்ணா பாத்து உன்னை எடுத்தேன்." காலையில் நான் எழுதிய தாளை உருவினார். "இந்தா. நூத்திப்பத்து, நூத்திப்பத்து. நூத்தியெட்டு, நூத்தியெட்டு. ஜோடிப் பொருத்தம் அமோகமா இருக்கு. எழுத்தும் முத்து முத்தா இருக்கு. இத வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிறுத்தினா சரக்குக்காரன் என் தோலை உரிச்சுடுவான்."

"ஒருவேளை..."

"ஒருவேளையாவது ரெண்டுவேளையாவது. தட்டினவனையே கேட்டுடுவோம்."

கம்பி அண்ணன் வந்தார். எதிர்ச் சுவர்க் கடிகாரப்படி இறக்கத்துக்கு முப்பத்தோரு நிமிடம் மீதி இருந்தது.

"மந்தமா இருந்துச்சா?"

"ஆமா சார். தொப்புன்னுச்சு."

"இதப் பாரு."

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி நின்றது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பா அளந்திருந்தா சரிதான் சார். என் காதுதான் அடைச்சிருக்கும். இருபது வருஷமா கம்ப்ரசர் பக்கத்துலயே நிக்கிறேன்ல."

"முடிஞ்சுதா? போய் வேலையப் பாருங்க."

அவர் காதைத் தேய்த்தபடி கதவை நோக்கி நடந்தார். அந்தக் காது ஒருநாளும் தப்பியதில்லை. என் போன் அதிர்ந்தது. அக்கா. 'அவர் போன் எடுக்கல. உன்கிட்ட பேசினாரா?'

பச்சைப் புள்ளி, சாலை சுருள் சுருளாக வளையும் இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

கோட்டுப் பைக்குள் கை போனது. உள்ளே கிடந்த பித்தளைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்னது இது?"

"நீள கேஜோட மூக்கு சார். என் கையிலருந்து விழுந்து ஒடஞ்சுடுச்சு. வேற கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"அதுக்கென்ன இப்ப? வாய்க்குள்ளயே பேசாத. சத்தமா சொல்லு."

கம்பி அண்ணன் கதவருகே நின்றுவிட்டார்.

"உள் டயர் ஒண்ணைக்கூட நான் அளக்கல சார். வெளி டயரோட நம்பரையே அதுக்கும் எழுதினேன். இந்த வண்டிக்கு மட்டும் இல்ல. ஒம்பது நாளா, எல்லா வண்டிக்கும்."