மாமனார் காரின் கியர்

மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது. "தங்கச்சி வீட்டுக்காரர் நாளைக்கு அப்பாவப் பாக்க வர்றாராம். ஏதோ கார் விஷயமாம்" என்று மனைவி சொன்னதுதான் காரணம்.

மாமனாரின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர் கொஞ்ச நாளாக லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. குண்டு குழியில் இறங்கினால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் போன் வருவது இவருக்குத்தான். இதைச் சரிபண்ண மட்டும் நேற்று வந்த சகலையா? மாமனார் வாயைத் திறந்தாலே சின்ன மாப்பிள்ளை புராணம்தான். பொறாமை என்று சொன்னால் இவர் அடிக்க வருவார். வேறென்னவாம் அது?

அன்று சாயங்காலமே கடைக்கு ஓடி, லீவர் ஆடாமல் அடியில் பிடித்துக்கொள்கிற புது புஷ் வாங்கினார். விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் மாமனார் வீட்டு வாசலில் நின்றார்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, லீவரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினார். அடியில் போல்ட்டுகள் விரலாலேயே சுழன்றன. லீவர் அசைகிற இடத்திலிருந்த பழைய பிளாஸ்டிக் புஷ், தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதியதைக் கிரீஸ் தடவிப் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கினார். விரல் முட்டித் தோல் உரிந்தது. உரியட்டும்! அவன் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டும், அதுதான் வேண்டும்.

மாமனாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். லீவர் மூச்சு விடவில்லை.

"அப்பாடா!" என்றார் மாமனார். "லொடலொடங்கிற வண்டிய எப்படி சின்ன மாப்பிள்ளைக்குக் குடுக்கிறதுன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. நல்லவேளை வந்தீங்க. இன்னிக்கு அவர் எடுத்துட்டுப் போறார்."

இவர் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார். "எனக்குக் குடுக்கணும்னு தோணலையா மாமா?"

"உங்களுக்கெதுக்கு மாப்பிள்ளை? எந்த ஓட்ட வண்டியையும் சரிபண்ணி ஓட்டிக்குவீங்க. அவருக்கு ஒரு ஸ்க்ரூ கழட்டத் தெரியுமா, பாவம்!"

பாராட்டுதான். அதுதான் இன்னும் வலித்தது.

மத்தியானம் சகலை வந்து சாவியை வாங்கிக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்து லீவரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

"அருமையா இருக்கு அண்ணே! மறுபடி ஆடுச்சுன்னா உங்களத்தான் கூப்பிடுவேன், வருவீங்கல்ல?"

மாமனாரும் சிரித்தபடி இவரையே பார்த்தார்.

"வராம?" என்றார் மூத்த மாப்பிள்ளை.