ஒரு நிமிட வாசிப்பு

"அமுக்குடி."

"மாட்டேன்."

"ஒரு பொத்தான். ஒரே ஒரு பொத்தான அமுக்க உனக்கு..."

"நீயே அமுக்கிக்கோ. உன் மூக்குதான் எல்லாத்துலயும் நுழையுமே, விரல் நுழையாதா?"

"வாய மூடு. இங்க நான் உனக்கு அக்கா இல்ல. மேடம்."

"சரிங்க மேடம். மாட்டேங்க மேடம்."

மற்றப் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சரின் கைக்குள் தேர்வுக்கான போன் இருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் தலைமையாசிரியை, அவளுடைய சொந்த அக்கா. காலையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் வந்தவர்கள். முன்பெஞ்சில் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி. திக்கித் திக்கிப் பேசுவதால் பிள்ளைகள் அவளுக்கு மைனா என்று பட்டம் வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் குசும்பு அப்படித்தான்.

போனில் ஒரு பத்தி வரும். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை சொல் வாசிக்கிறாள் என்பதுதான் தேர்வு. குரலைக் கேட்டு எண்ணுவது போன்தான். மூன்று நொடியில் வராத சொல் தப்பு. டீச்சர் அடுத்த சொல்லைத் தொட்டுக் காட்டவேண்டும். மைனாவுக்கு எல்லாச் சொல்லும் தெரியும். கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்த்தால், மெல்ல மெல்ல முழுக்க வாசித்து, கடைசியில் சிரிக்கவும் செய்வாள். ஆனால் முதல் எழுத்து உதட்டில் முட்டிக்கொண்டு நிற்கையிலேயே அந்த மூன்று நொடியும் ஓடிவிடும். நிமிடம் முடிந்ததும் மதிப்பெண் தானாகவே பெற்றவர்களின் போனுக்குப் போய்விடும். குறைந்தால் சிவப்பில்.

போன முறை நாலு சொல். அவள் வீடு போய்ச் சேருமுன் சிவப்பு போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் மாவுக்கட்டோடு வந்தாள். "படியில விழுந்துட்டா" என்றாள் அம்மாக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இவ ஒருத்திதான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா இந்த வருஷமும் பள்ளிக்கூடத்துக்குச் சிவப்பு. இழுத்து மூடிட்டுப் போகச் சொல்வாங்க. நீயும் நானும் தெருவுல நிக்கணும்."

"லீவுன்னு போடு."

"காலையில வந்திருக்கான்னு பதிஞ்சவளே நீதான்."

"அப்பன்காரன் இவ கைய ஒடிச்சிருக்கான்க்கா."

"ஒடிச்சது அவனா? மத்த டீச்சருங்க எல்லாரும் பக்கத்துல நின்னு முணுமுணுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நீ ஒருத்திதான் பெரிய உத்தமி, ஒவ்வொரு நொடியா எண்ணி அடுத்த சொல்லத் தொட்டுத் தொட்டு நாலு சொல்லோட முடிச்சே. அந்தக் கைய ஒடிச்சது உன் விரல்டி."

அறை விழுந்தது. அக்காவின் மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதிச் சிதறியது.

அக்கா மேசையைச் சுற்றி வந்து தங்கையின் கொண்டையைப் பற்றி, நெற்றியைக் கரும்பலகை விளிம்பில் இடித்தாள். தங்கை முழங்கையால் வயிற்றில் குத்தினாள். குட்டி நாற்காலிகள் சரிந்தன. போனைப் பிடித்திருந்த விரல்களை அக்கா ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தாள். தங்கை அந்த மணிக்கட்டைக் கடித்தாள். மரஸ்கேல் எப்படிக் கைக்கு வந்ததோ, அக்காவின் தோளிலும் முதுகிலும் காதிலும் அடித்தாள், எண்ணாமல், அது முறியும்வரை. அக்கா கையை முஷ்டியாக்கி ஒரே ஒரு குத்து விட்டாள். தங்கையின் உதடு பிளந்து புடவை முன்றானையில் ரத்தம் சொட்டியது. போன் தரையில் விழுந்து கிணுங்கென்று ஒலித்தது.

யாருடைய விரல் பட்டதோ, தேர்வு தொடங்கிவிட்டது.

மைனா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தேர்வு என்றால் வாசிக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வாய் திறந்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"நிறுத்துடி அத!"

"தொடங்கினா நிக்காது!"

"அப்ப நீ படி! அவ குரல் மாதிரி நீயே படிச்சுத் தொல!"

முதன்முறையாக அக்கா சொன்னதைத் தங்கை கேட்டாள். மண்டியிட்டுக் குனிந்தாள். ஆனால் பிளந்த உதடு கூடவில்லை. மூச்சும் ரத்தமும் வந்தன, எழுத்து வரவில்லை. "ம... ம..." அவளைத் தள்ளிவிட்டு அக்கா போனைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்தெல்லாம் எறும்பாய் ஊர்ந்தது. "என்ன எழுத்துடி இது? சொல்லேண்டி!"

நிமிடம் முடிந்தது. திரை சிவந்தது. மதிப்பெண் போய்விட்டது என்பதற்கான சின்ன ஒலி, காகிதம் கிழிவதுபோல.

இருவரும் தரையிலேயே கிடந்தார்கள், மூச்சு இரைக்க. வெளியே பிள்ளைகள் பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மைனா எழுந்து, முறிந்த மரஸ்கேலின் நீளமான துண்டை நல்ல கையால் எடுத்து வந்து டீச்சரின் மடியில் வைத்தாள். அவளுக்குச் சொல் வர நேரமானது. வந்தது.

"அ... அப்பா வந்தா, அவரயும் இப்படி அடிப்பீங்களா டீச்சர்?"