ஐந்தாவது மாடம்

மேட்டு பங்களாவின் முன்வாசலில் ஆட்டோ நின்றதும் பொன்னியின் கால்கள் தாமாகவே பின்பக்கத்து மதிலை நோக்கித் திரும்பின.

"யம்மா, எங்க போற?"

"வழி எனக்குத் தெரியாதாடி? மாட்டுக் கொட்டாய் பக்கமா ஒரு சந்து இருக்குது. ஜல்தியா பூந்துடலாம்."

"பூந்துடலாமா? நாம என்ன கோழி திருடவா வந்திருக்கோம்? டிக்கெட்டு எடுத்துக்கினு வந்திருக்கோம். முன்வாசல்லதான் போவணும்."

அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் பொன்னியின் மகள் ஆரோக்கியசெல்வி. விழுப்புரத்தில் பி.காம். முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் வாய்க்கு வக்கீலே பயப்படுவார். மயிலம் போகிற சாலையில் இருந்த இந்தப் பழைய ஜமீன் பங்களாவை ரிசார்ட்டாக மாற்றி, 'ஒரு நாள் வந்து ஓய்வெடுங்கள்' என்று போனில் விளம்பரம் வந்தபோது, அவள் ஓய்வுக்காக புக் பண்ணவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் அம்மா களை எடுத்த நிலம் இந்த வீட்டுக்காரர்களுடையது. அந்தப் பத்து வருஷத்தில் இந்த வீட்டு டம்ளர் ஒன்றைக்கூட அம்மா தொட்டதில்லை. இன்றைக்கு அம்மா இந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரில் காபி குடித்தாக வேண்டும். அதில் ஒரு இழை குறைந்தாலும் செல்விக்கு ஆகாது.

வாசல் படியில் பொன்னி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"கால்ல போடும்மா."

"கூடத்துல எப்பிடிடி..."

"எல்லாரும் ஷூ போட்டுக்கினுதான் போறாங்க, பாரு. நீ போடல, நானும் கழட்டித் தலைமேல வெச்சிக்கினு வருவேன்."

பொன்னி போட்டுக்கொண்டாள். ஆனாலும் தரைக்கு வலிக்குமோ என்பதுபோலத்தான் நடந்தாள்.

கூடத்தில் தேக்குத் தூண்கள், ஆளுயர ஊஞ்சல், கண்ணாடி அலமாரியில் ஜமீன் வீட்டுப் பித்தளை டம்ளர்கள். வழிகாட்டி பாண்டுரங்கன் முறுக்கிய மீசையோடு முன்னால் போக, சென்னையிலிருந்து வந்த பத்துப் பேரும் இவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். பழைய மாட்டுக் கொட்டகை இப்போது சாப்பாட்டுக் கூடம். எல்லோரும் உட்கார்ந்ததும் வரவேற்புக் காபி வந்தது, மெருகேற்றிய கொட்டாங்குச்சியில்.

"பிளாஸ்டிக்கே கிடையாதுங்க. எல்லாம் இயற்கை" என்றார் பாண்டுரங்கன்.

சென்னைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். செல்விக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் பொன்னி கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சுவரோரம் குந்தினாள். மடமடவென்று குடித்தாள். குழாயில் கழுவி, உதறி, சுவரில் வரிசையாக இருந்த சின்ன மாடங்களில் ஐந்தாவதில் சொருகினாள்.

"அதுல வெக்காதீங்கம்மா" என்று பாண்டுரங்கன் ஓடிவந்தார். "அது வெளக்கு மாடம். அந்தக் காலத்துல தீபம் ஏத்தினது."

"வெளக்கா?" பொன்னிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாட்டுக் கொட்டாயில பதினேழு வெளக்கு எவன் ஏத்துவான்? இது நாங்க கொட்டாங்குச்சி வெக்கிற மாடம்யா. ஆளுக்கு ஒண்ணு. கூழோ காபியோ, மேலருந்து அந்தக் கொட்டாங்குச்சிலதான் ஊத்துவாங்க. குடிச்சிட்டு, கழுவி, சொருவிட்டுப் போவணும். அஞ்சாவது என்னுது."

"வேற எங்கியோ பார்த்ததைச் சொல்றீங்க..."

"உள்ள விரல விடுங்க. மேல்பக்கமா தடவுங்க. ரெண்டு கீறல் இருக்கும். என்னுதை எவளும் எடுத்துடக் கூடாதுன்னு களைக்கொட்டால நான் போட்டது."

பாண்டுரங்கன் விரலை விட்டார். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் விரல் ஒரு முறை தடுக்கியது. இன்னொரு முறை தடுக்கியது. கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

சென்னைக்கார அம்மாள் ஒருத்தி எழுந்துவந்து தானும் தடவிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கொட்டாங்குச்சியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். போன்கள் எல்லாம் பைக்குள் போயின.

செல்வியின் நாக்கில் பத்து வாக்கியம் தயாராக இருந்தது. பொன்னி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ சும்மா இரு. இது என் பேஜாரு, நானே பார்த்துக்கிறேன்."

செருப்புச் சத்தம் கேட்க நடந்துவந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, எனக்கு டம்ளர்ல காபி. கூடத்து அலமாரில இருக்குதே, அந்த டம்ளர்ல."

"அது பார்வைக்கு வெச்சதும்மா."

"நானும் பத்து வருசமா தூரத்துல நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன். பார்த்தது போதும்."

"எங்களுக்கும் டம்ளர்லயே குடுங்க" என்றாள் சென்னைக்கார அம்மாள். "இது வேண்டாம்." அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள்.

பாண்டுரங்கன் சாவியைத் தேடிக்கொண்டே கூடத்துக்குப் போனார்.

கழுவித் துடைத்த பித்தளை டம்ளரில் நுரை ததும்பக் காபி வந்தது. பொன்னி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதட்டை நன்றாகப் பதித்து, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தாள். காலி டம்ளரை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். குழாய்ப் பக்கம் அவள் கண் போகவே இல்லை.

"சக்கரை கம்மிடி, செல்வி. இன்னொண்ணு சொல்லு."