கடப்பாரை பட்ட காசு

போலி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கசாமி அன்றைக்கே பாதி செத்திருப்பார். சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, ஒரு பொய்யைச் சொல்லி இந்த ஆளை எதற்குத் தப்பிக்கவிட வேண்டும் என்று தோன்றியது.

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் பூபதி அண்ணனின் பழங்காசுக் கடை. படியேறி வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். தங்கசாமியும் தும்மிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிக்கடைப் பை. பைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. என்னைத் தாண்டிப் பூபதி அண்ணனைப் பார்த்தார்.

"ஏனுங்க பூபதி, பெரிய ஆளு யாராச்சும் பாப்பாங்கன்னு வந்தேன். இந்த அம்மிணியா?"

"அம்மிணிதானுங்க பாக்கும். தொல்லியல் எம்.ஏ. இது அசல்னு சொன்னாத்தான் பழங்காசு சேக்கற மெட்ராஸ் டாக்டரு வாங்குவாரு."

"அப்படியா. எந்த ஊரு சாமி நீ?"

"சேலந்தானுங்க" என்றேன்.

அது பொய் இல்லை. சங்ககிரிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து எங்களைத் துரத்திய பிறகு சேலம்தான். துரத்தியவர் இவர்தான்.

நான் எட்டாவது படித்த வருடம், இவருடைய கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்கு அப்பா போனார். ஒரு நாள் சாயங்காலம் வந்து அம்மாவிடம் சொன்னார். "ஒரு மண்கலயம் மயிலா, பூராவும் வெள்ளிக் காசு. கடப்பாரை முனை பட்டு ஒரு காசுல தலைக்காரனுக்குக் கழுத்து வெட்டுப்பட்டுப் போச்சு. கலயத்தோட அப்படியே பெரியவரு கையில குடுத்துட்டு வந்துட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. தங்கசாமி வீட்டு மரப்பெட்டியை உடைத்துப் பாட்டன் சொத்தான பழங்காசுகளைத் திருடினார் என்று புகார். கிணற்றில் கிடைத்தது என்று அப்பா எங்கேயும் வாய் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அடித்துவிட்டு, காசு திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவின் இடது முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை. ஊரில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'திருடன் புள்ள'.

அதனால்தான் நான் இந்தப் படிப்பைப் படித்தேன். வரலாற்றின் மேல் ஆசை என்று நேர்காணலில் சொன்னேன். அதெல்லாம் சும்மா.

டப்பாவைத் திறந்தேன். எல்லாம் பளபளவென்று மின்னின.

"புளி போட்டு வெளக்குனீங்களா?"

"எம்பட ஊட்டுக்காரி புளி போட்டு, திருநீறு வெச்சும் தேச்சா. குத்துவெளக்காட்டம் ஆயிருச்சு பாத்தியா."

"பாத்தனுங்க. மேல இருந்த கருப்புதான் அதுக்கு வயசு சாட்சி. அதத் தேச்சு ஓடையில ஊத்திட்டீங்க. வெலை பாதியாப் போச்சு."

அவர் முகம் கோணியது. எனக்கு இனித்தது.

ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். வார்ப்பில் ஊற்றிய போலியாக இருந்தால் விளிம்பில் கோடு தெரியும், முகத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் இருக்கும், எழுத்து சோப்பு கரைந்ததுபோல வழவழவென்று இருக்கும். இவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. சம்மட்டியால் ஓங்கி அடித்த அச்சு, எழுத்துகளின் ஓரத்தில் வெள்ளி இழுபட்டிருந்தது. திபேரியஸ் தலை, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண். இரண்டாயிரம் வருடத்து ரோமாபுரிக் காசு. சுத்த அசல்.

கடைசிக் காசை எடுத்தபோது என் விரல் நின்றது. கழுத்தில் வெட்டு.

"அது விசேசங்க அம்மிணி" என்றார் தங்கசாமி. "அந்தக் காலத்துலயே வெள்ளியான்னு பாக்க வெட்டுவாங்களாமா. எம்மவன் போன்ல படிச்சான். அதுக்கு வெலை கூடச் சொல்லு."

பழைய வெட்டுகள் உண்டுதான். ஆனால் இந்தக் காசின் எழுத்துச் சந்துகளில் புளிக்கும் போகாமல் செம்மண் கல்லாக இறுகியிருந்தது. வெட்டுக்குள் ஒரு துளி மண் இல்லை. அதன் ஓரம் என் கட்டைவிரலைக் கீறியது. இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்த வெட்டு விரலைக் கீறாது. இது இரும்பு பட்ட வெட்டு, என் அப்பாவின் கடப்பாரை. காசை மேசையில் வைத்தேன்.

"எங்க கெடச்சதுங்க?"

"பாட்டன் காலத்துச் சொத்து. பொட்டியில இருந்துச்சு."

"அப்படிச் சொன்னா டாக்டர் வாங்க மாட்டாருங்க. எல்லாப் போலிக்காரனும் பாட்டன் சொத்துன்னுதான் கொண்டுட்டு வர்றான். வந்த எடம் தெரிஞ்சாத்தான் காசுக்கு மதிப்பு."

பூபதி அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அசல்தான் என்று நான் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று டாக்டரும் அதையே கேட்டார். தங்கசாமி என்னைப் பார்த்தார், பூபதி அண்ணனைப் பார்த்தார், பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நெசத்தச் சொல்லிர்றனுங்க சார். எங்க காட்டுல கெடச்சதுங்க."

"காடா? ஃபாரஸ்ட்டா? ஐயோ, வேண்டாங்க. வனத்துறை, கேஸுன்னு என்னால அலைய முடியாது. வெச்சிடறேன்."

"இருங்க சார், இருங்க." தங்கசாமி பதறிவிட்டார். "காடுன்னா மரம் மட்டையில்லீங்க. நாங்க வெவசாயம் பண்ற பூமியத்தான் காடும்போம். பட்டாக் காடு சார், எம்பேர்ல இருக்குது. சர்வே நம்பர் வேணும்னாலும் சொல்றேன். எங்க கெணத்துல தோண்டறப்ப வந்துச்சு. கலயம்கூட ஊட்டுல இருக்குது."

"யார் எடுத்தது?"

"எங்க கூலிக்காரன் ஒருத்தன் சார். காளியப்பன்னு."

நான் எழுந்தேன்.

"அப்புறம் ஏனுங்க அவரு உங்க பொட்டிய ஒடச்சுத் திருடுனாருன்னு ஸ்டேசன்ல சொன்னீங்க?"

தங்கசாமி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் காட்டில் நான் எத்தனையோ நாள் கடலைக்காய் பொறுக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் பார்த்ததே இல்லை.

"நீ யாரு?"

"காளியப்பன் புள்ள. அறிவுச்செல்வி."

டப்பாவை இழுக்கப் பார்த்தார். என் கை அதன்மேல் இருந்தது.

"கண்ணு, பழசையெல்லாம் எதுக்குக் கெளறற. பாதிய நீயே எடுத்துக்க. போலின்னு சொல்லிரு, நான் பேசாம ஊட்டுக்குப் போயர்றேன்."

"போலியா இருந்திருந்தா நீங்க போயிருக்கலாமுங்க. அசலாப் போயிருச்சே. பூமிக்குள்ள கெடச்ச பொதையலக் கலெக்டருக்குச் சொல்லாம மறச்சா அதுக்குச் சட்டம் இருக்குது. இத்தன வருசமா மறச்சிருக்கீங்க. அத உங்க வாயாலயே சொல்லியும் போட்டீங்க."

போனிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "மிஸ், எனக்கு இந்தக் காசு வேண்டாம். ஆனா யாராவது கேட்டா, நான் கேட்டதச் சொல்வேன்."

பூபதி அண்ணன் தலையில் கை வைத்தார். "நமக்கெதுக்கு அம்மிணி இந்த வம்பு?"

"உங்களுக்கு இல்லீங்கண்ணா. எனக்குத்தான்."

திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கலெக்டர் ஆபீசில் காசு டப்பாவை ஒப்படைத்து மனு கொடுத்தேன். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். காலை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோதும் அதையே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

துணைத் தாசில்தார் ஒருவர் ஊருக்கு வந்தார். தங்கசாமி வீட்டு வாசலில் மேசை போட்டு, காசுகளையும் கலயத்தையும் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே ஊரே நின்றது. அப்பாவைத் திருடன் என்று சொன்ன அதே வாய்கள்.

"கிணத்துல கண்டெடுத்தது யாரு?" என்று துணைத் தாசில்தார் கேட்டார்.

தங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார். "காளியப்பன்தானுங்க. அவன்தான் எடுத்தான்."

"கேட்டுப் பக்கம் நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றேன். "அப்புறம், அவன் இல்லீங்க. அவரு."

தங்கசாமியின் மகன் தனபால் என்னை முறைத்தான். துணைத் தாசில்தார் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். தங்கசாமி கேட்டுப் பக்கம் திரும்பினார்.

"காளியப்பன். அவருதான் எடுத்தாரு. எடுத்து எங்கையில குடுத்தாரு."

"திருடுனாரா?" என்றேன்.

"இல்லீங்க."

கேட்டுப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்பா மேசையிலிருந்த காசுகளில் கழுத்து வெட்டுப்பட்டதைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"போதும் சாமி. வா போலாம்."

அப்பாவுக்குப் போதும். அவர் மடங்காத காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டை நோக்கி நடந்தார், ஊர் விலகி வழிவிட்டது. நான் தங்கசாமியின் முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். "ஸ்டேசன்ல என்ன சொன்னீங்க, யாரக் கொண்டு அடிக்க வெச்சீங்க. சார் எழுதிக்குவாரு. மொதல்ல இருந்து சொல்லுங்க."