எழுபத்துநாலு பர்சென்ட்

2007 ஜூனில் மங்கையர்க்கரசி காரைக்கால் பக்கத்துக் கடலோர அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தபோது பார்த்தவர்களெல்லாம் அவரை வாழ்த்தினார்கள். பத்தாம் வகுப்பில் மூன்று வருடமாகத் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளி அது. "ராசியான பள்ளிக்கூடம் கெடச்சிருக்கு, கண்ண மூடிக்கிட்டு உக்காரலாம்" என்று வரிச்சிக்குடியில் அவருடைய அண்ணன்கூடச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கண்ணை மூட முடியவில்லை. முதல் வாரத்தில் வகுப்புகளைச் சுற்றி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சுக்கு ஐந்து பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் பத்தாம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கணக்கு ஆசிரியர் குணசேகரனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"போன வருஷம் ஒன்பதாவதுல அம்பது பேர் இருந்திருக்காங்க. இப்ப பத்தாவதுல பாதியக் காணுமே சார்?"

"தேறாதவங்கள நிறுத்தி வச்சிருக்கோம் மேடம்" என்றார் குணசேகரன். ஒளிக்க வேண்டிய விஷயமாக அவர் அதை நினைக்கவில்லை. "ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நிறுத்துனா அதுங்களாவே நின்னுடும். தேறுறவங்கள மட்டும் பரீட்சைக்கு அனுப்புறோம்."

"அப்புறம் நூறு வராம என்ன செய்யும்?"

குணசேகரன் முகம் சுருங்கியது. "வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும் ஆய்வுக் கூட்டம் வப்பாங்க மேடம். தொண்ணூறுக்குக் கீழ போனவங்களப் பேர் சொல்லி எழுப்பி நிக்க வப்பாங்க. எனக்கு முன்னாடி இங்க இருந்த கணக்கு வாத்தியார ஆந்திராப் பக்கம் இருக்குற யேனாமுக்கு மாத்திட்டாங்க. குடும்பம் இங்க, அவரு அங்க. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். அதனால் அன்று அவரை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பட்டினச்சேரியிலிருந்து பூமிநாதன் தன் மகள் தீபாவை அழைத்துக்கொண்டு வந்தார். கடல் தொழில் செய்பவர். அறைக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"பொண்ணுக்கு டி.சி. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேங்க டீச்சர். ஒன்பதாவதுல ரெண்டாந்தடவையும் நிறுத்திட்டாங்க. சின்னப் புள்ளைங்களோட உக்கார வெக்கப்படுது. அதுக்குப் படிப்பு ஏறலீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' மங்கையர்க்கரசியைச் சுட்டது. அவர் தமிழ் ஆசிரியை. ஆனாலும் ஒரு துண்டுத் தாளை எடுத்து, '3x – 7 = 11' என்று எழுதி தீபாவிடம் நீட்டினார். தீபா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த எக்ஸ் எதுக்கு வருது டீச்சர்? எனக்கு அது புரியவே இல்ல."

"வகுப்புல நடத்தலியா?"

"எட்டாவது படிக்கிறப்ப சுனாமி வந்துச்சு. வீடு போயி நிவாரண ஷெட்டுலதான் இருந்தோம். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தப்ப வருஷமே முடிஞ்சிபோச்சு. நேரா ஒன்பதாவதுல உக்கார வச்சுட்டாங்க. நடுவுல விட்டுப்போன பாடத்த யாரும் நடத்தல டீச்சர்."

குறை சொல்லும் குரல் அல்ல அது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மங்கையர்க்கரசி பூமிநாதனைப் பார்த்தார்.

"டி.சி. கிடையாதுங்க. உங்க பொண்ணு பத்தாவது போறா."

பூமிநாதன் பயந்துபோனார். "ஃபெயிலாயிட்டா பள்ளிக்கூடத்துக்குல்ல கெட்ட பேரு?"

"பேரு எங்களுது. படிப்பு அவளுது. பேர நாங்க பாத்துக்குறோம்."

அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில், நிறுத்திவைத்த எல்லோரையும் பத்தாம் வகுப்புக்கு அனுப்பப்போவதாக அவர் அறிவித்தார். குணசேகரன் மட்டும் எழுந்தார்.

"பெரும்பாலும் கணக்குலதான் போவாங்க மேடம். கூட்டத்துல என் பேரத்தான் கேப்பாங்க."

"தெரியும் சார். உங்க பேரச் சொன்னா நானும் கூட நிக்கிறேன்."

குணசேகரன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டம் என்று அழைத்தால் பள்ளிக்கு நாலு பேர்கூட வருவதில்லை. அதனால் ஆகஸ்டில் ஒருநாள், காலை ஏலம் முடிந்த பிறகு, ஆசிரியர்களே கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டினச்சேரி மீன் ஏலக் கொட்டகைக்குப் போனார்கள். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை காயவில்லை. பெண்கள் காலியான கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொரு ஆசிரியரும் தாய் தகப்பன் முன்னால் சொன்னார்கள். அப்படி யாரும் அதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை.

குணசேகரனின் முறை வந்தது. தீபாவுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கே வரவில்லை என்றார். பூமிநாதன் எழுந்தார்.

"ரெண்டு வருஷமா உங்க வகுப்புலதானே சார் உக்காந்திருக்கு? ஏன் வரல?"

குணசேகரன் கையில் இருந்த சாக்பீசை உருட்டிக்கொண்டே நின்றார். பிள்ளை வீட்டில் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எப்போதும் அதைத்தான் சொல்வார்கள்.

"நான் சொல்லிக்குடுக்கலீங்க" என்றார். "தேறாதுன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

யாரும் அவரைத் திட்டவில்லை. பூமிநாதன், "சரி சார். இனிமே சொல்லிக்குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து காலை எட்டு மணிக்கே கணக்கு வகுப்பு தொடங்கியது. குணசேகரன் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தார். முதலில் அவருக்கே சலிப்பாக இருந்தது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லியும் பிள்ளைகள் விழித்தார்கள். ஒரு காலையில் தீபா எழுந்து கேட்டாள்.

"சார், ஐஸ்பெட்டியோட மீன எடை போட்டுட்டு, அப்புறம் பெட்டி எடையக் கழிப்போம்ல? அந்த மீன் எடைதான் எக்ஸா?"

"அதேதான்!" என்று கத்திவிட்டார் குணசேகரன். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த மங்கையர்க்கரசி அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டார். குணசேகரன் வகுப்பில் இப்படி உற்சாகமாகக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

2008 மே கடைசியில் முடிவுகள் வந்தன. ஐம்பது பேர் எழுதியதில் முப்பத்தேழு பேர் தேர்ச்சி. எழுபத்துநாலு சதவீதம். தீபா மற்ற பாடங்களில் தேறியிருந்தாள், தமிழில் அறுபத்தெட்டு. கணக்கில் மட்டும் முப்பத்தொன்று, நாலு மதிப்பெண் குறைவு. குணசேகரனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் அவருக்குத் தைரியம் சொன்னாள். "ஜூன் கடைசியில திரும்ப எழுதலாம்ல சார்? முப்பத்தொன்னு வந்துருச்சே, மிச்சமும் வந்துடும்."

ஆய்வுக் கூட்டம் காரைக்காலில் நடந்தது. தேர்ச்சி குறைந்த பள்ளிகளிலிருந்து பாட ஆசிரியர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலிருந்து வந்த அதிகாரி மங்கையர்க்கரசியின் பள்ளிப் பெயரைப் படித்தார். அவர் எழுந்து நின்றார்.

"நூறு காட்டுன பள்ளிக்கூடம். ஒரே வருஷத்துல எழுபத்துநாலு. என்னம்மா பண்ணீங்க?"

"எல்லாரையும் எழுத வச்சோம் சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மங்கையர்க்கரசி திரும்பிப் பார்க்கவில்லை.

"போன வருஷம் எழுதினதே இருபத்தாறு பேருதான். இருபத்தாறும் பாஸ். இந்த வருஷம் அம்பது பேர் எழுதி முப்பத்தேழு பாஸ். பழைய மாதிரி வடிகட்டியிருந்தா இதுலயும் நூறு வந்திருக்கும். ஆனா இப்ப கூடுதலா பாஸான பதினோரு புள்ளைங்க வீட்டுல உக்காந்திருக்கும் சார்."

"மிச்சம் பதிமூணு பேருக்கு யார் பொறுப்பு?"

"நாங்கதான் சார். அதுக்குத்தான் நிக்கிறேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் குணசேகரன் எழுந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"பதிமூணுல ஒன்பது பேர் கணக்குல போனவங்க சார். அது என் பாடம். இப்பவும் காலையில வகுப்பு நடக்குது. எல்லாரையும் திரும்ப எழுத வைக்கிறோம்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "மத்த பள்ளிகள்ல ஒன்பதாவதுல எத்தனை பேர நிறுத்தி வச்சிருக்கீங்க? கை தூக்கிச் சொல்லுங்க பாப்போம்."

ஒரு கையும் மேலே வரவில்லை. சிரித்த பின்வரிசையில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது.

அதற்காக விளக்கம் கேட்கும் கடிதம் வராமல் இல்லை, வந்தது. மங்கையர்க்கரசி கூட்டத்தில் சொன்னதையே எழுதி அனுப்பினார். யாரையும் யேனாமுக்கு மாற்றவில்லை. ஆனால் அன்று கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

"பயமாத்தான் இருந்துச்சு மேடம்" என்றார் குணசேகரன்.

"எனக்குந்தான் சார். ஆனா மூணு வருஷம் நூறு வாங்குனப்ப நீங்க இப்படி நிமிந்து நின்னிருப்பீங்களா?"

குணசேகரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டார். இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

துணைத்தேர்வு முடிவு ஜூலையில் வந்தது. பதிமூன்றில் பத்துப் பேர் தேறியிருந்தார்கள். குணசேகரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டினச்சேரிக்குப் போனார். ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கவலை மீன் குவியல் ஒன்று ஐம்பது ரூபாயில் நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பூமிநாதன் காதில் அவர் விஷயத்தைச் சொன்னார்.

பூமிநாதன் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினார்.

"அம்பத்திரண்டு!"

"அம்பத்திரண்டு ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

"யோவ், மீனுக்கில்லய்யா! எம் பொண்ணு! கணக்குல! அம்பத்திரண்டு!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. "அப்ப குவியல் வேணுமா வேணாமா?" என்று ஏலக்காரர் கேட்க, "போடுய்யா எம் பேருல!" என்றார் பூமிநாதன். அந்தக் குவியலில் பாதியைப் பனையோலையில் கட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன குணசேகரனின் வண்டியில் மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.